புல் மட்டும் நின்ற தோட்டம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் குலாம் முகம்மது ஓசூர் வந்து சேர்ந்தார். ராயக்கோட்டைச் சந்தையில் விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை அவருடையது. அன்று அவர் கடையைத் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பன் அவரை உட்காரச் சொன்னார். யாரோ முகம் வாடி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், பக்கத்துப் போட்டோ ஸ்டூடியோ சம்பங்கி தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். இன்ஸ்பெக்டரின் விசாரணை எதையும் அவர் தவறவிட்டதில்லை.

"சென்னம்மான்னு ஒரு அம்மாங்க. புருஷன் தவறிட்டாரு. தனியா தக்காளி போட்டிருக்காங்க. இலையைப் புழு தின்னுதுன்னு எங்கிட்ட டி.டி.டி. பொடி வாங்கித் தண்ணியில கலந்து அடிச்சாங்க. செடியெல்லாம் முறுக்கிகிட்டுப் போச்சு. சந்தையில எல்லாரும் பார்க்க, மீதிப் பொட்டலத்தை என் மூஞ்சியில வீசிட்டாங்க. இப்ப ஒருத்தரும் கடைப்படி ஏற மாட்டேங்கறாங்க. எங்க அத்தா வெச்ச கடைங்க."

"அதே பொடியை வேற யாரு வாங்கினாங்க?"

"பக்கத்துக் காட்டு முனிசாமி. கத்திரிக்கு அடிச்சாரு. ஒரே மூட்டையில இருந்து அள்ளிக் கொடுத்ததுதான். அவரு செடிக்கு ஒண்ணும் ஆகலை. அதையும் எனக்கு எதிராத்தான் பேசறாங்க. ஆம்பளைக்கு நல்ல சரக்கு, கேக்க நாதியில்லாத பொம்பளைக்குக் கலப்படமாம்."

கோவிந்தப்பன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் போகும்போதே சம்பங்கி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "முனிசாமிதான் சார். பக்கத்துக் காட்டுக்காரன் இல்லாம வேற யாரு?"

"முதல்ல செடியைப் பார்ப்போம்" என்றார் கோவிந்தப்பன்.

சென்னம்மாவின் தோட்டத்தில் செடிகள் பரிதாபமாக இருந்தன. நுனிகள் தலைகீழாக வளைந்திருந்தன. தண்டுகள் கயிறு முறுக்கியதுபோலத் திருகியிருந்தன. கிணற்றை ஒட்டிய சில வரிசைகள் மட்டும் பூவும் பிஞ்சுமாக நன்றாக நின்றன. கோவிந்தப்பன் தக்காளியை அதிக நேரம் பார்க்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே குந்தி, களைகளை விலக்கிப் பார்த்தார். குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் தக்காளியைப் போலவே முறுக்கிக் கிடந்தன. அவற்றின் பக்கத்திலேயே அருகம்புல் பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது.

சென்னம்மா வரப்பில் நின்றாள். "களையைப் பார்த்து என்னங்க ஆகப்போவுது? செடி செத்துப்போச்சு."

"கிணத்தோரம் மட்டும் எப்படிம்மா தப்பிச்சது?"

"அங்கதான் முதல்ல அடிச்சேன். பானையில பொடியைக் கலக்கினேன். பானை விரிசல் விட்டுப்போச்சு. அப்புறம் டின்னுல கலக்கி மீதியை அடிச்சேன்."

"எந்த டின்?"

"கொழுந்தன் மதுரைவீரன் கொண்டாந்தது. தண்ணி மொள்ள ஆவும்னு குடுத்துச்சு. மறுநாளே வேணும்னு எடுத்துகிட்டுப் போயிடுச்சு."

"பம்ப்?"

"முனிசாமி அண்ணனோடது. அவரு கத்திரிக்கு அடிச்சு முடிச்சதும் வாங்கியாந்தேன்."

சம்பங்கி அர்த்தத்தோடு கோவிந்தப்பனைப் பார்த்தார். முனிசாமி தன் காட்டிலிருந்து தானாகவே வந்தார்.

"கிணத்துத் தண்ணிக்கு இந்தம்மாவோட சண்டை போட்டிருக்கேங்க. இல்லைங்கலை. அதுக்காகக் காய்க்கிற செடியில கை வைப்பனா?"

"மதுரைவீரனுக்கு எங்க வேலை?"

"பாரூர்ல ஒரு பண்ணையில மேஸ்திரி. கரும்புங்க. எங்க வூட்டுக்காரி வருஷா வருஷம் அங்க களை வெட்டப் போவா. இந்த வருஷம் ஆளே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

சிறிது நேரத்தில் மதுரைவீரனே சைக்கிளில் வந்து இறங்கினான். நாற்பது வயதுக்காரன், வெள்ளைச் சட்டை. வந்திருப்பவர் போலீஸில் இருந்தவர் என்று தெரிந்ததும் அவன் குரல் உயர்ந்தது.

"அந்த பாய் மேல கேஸ் போடுங்க சார். அகல இலைச் செடி ஒண்ணு விடாம முறுக்கிப் போட்டுட்டான். அண்ணிக்கு இனிமே வெள்ளாமை ஒத்து வராது. நானே குத்தகைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காலையில இங்கயே எல்லாரும் வாங்க. கடைக்காரரும் வருவாரு" என்றார் கோவிந்தப்பன். பிறகு சம்பங்கியை அழைத்துக்கொண்டு பாரூர் பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் எல்லாரும் வரப்பில் கூடினார்கள். குலாம் முகம்மது சற்றுத் தள்ளியே நின்றார். சென்னம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"பொடியில கோளாறு இல்லை" என்று தொடங்கினார் கோவிந்தப்பன். "அதே பொடிதான் முனிசாமியோட கத்திரிக்கும் போச்சு. பம்ப்பும் அதேதான். அதே பொடி, அதே பம்ப், அதே கிணத்துத் தண்ணி. கிணத்தோரத் தக்காளிக்கும் அதைத்தான் அடிச்சிருக்காங்க. அது நல்லா இருக்கு. மத்த வரிசைக்கு மாறினது ஒண்ணே ஒண்ணுதான். பானை போய் டின் வந்தது."

"புழு, நோவுன்னு இருந்தா?" என்று கேட்டார் சம்பங்கி.

"தக்காளிக்கு வர்ற நோவு குப்பைக்கீரைக்கும் மூக்கிரட்டைக்கும் ஒரே நாள்ல வருமா? அருகை மட்டும் விட்டுட்டுப் போகுமா? புல்லை விட்டுட்டு மத்ததை முறுக்கற சாமான் ஒண்ணு இப்ப வந்திருக்கு. களைமருந்து. கரும்பும் புல் ஜாதிதான், அதனால கரும்புக்காட்டுல அடிக்கிறாங்க. பாரூர்ப் பண்ணையில நேத்து பார்த்துட்டு வந்தோம். ஆள் வெச்சுக் களை வெட்டாததுக்கு அதுதான் காரணம்."

மதுரைவீரன் குறுக்கிட்டான். "பண்ணை டின்னுல கொஞ்சம் ஒட்டிகிட்டு இருந்திருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படியே வெச்சுக்குவோம். ஆனா நேத்து நீ ஒரு வார்த்தை சொன்னே. தக்காளின்னு சொல்லலை. அகல இலைச் செடின்னு சொன்னே. பூச்சிமருந்து வாங்கறவன் யாரும் இலையோட அகலத்தைப் பேச மாட்டான். அகல இலை சாகும், புல் பொழைக்கும்னு பண்ணையில மருந்தோட சொல்லிக் கொடுத்த பேச்சு அது. செடியைப் பார்த்ததுமே எதனால செத்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் டின்னை எடுத்துகிட்டுப் போனே. இவர் மேல பழி விழுந்தப்போ கூடச் சேர்ந்து பேசினே."

மதுரைவீரன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே பார்த்தான்.

"அடியில கொஞ்சம் விட்டுத்தான் குடுத்தேன்" என்றான் கடைசியில். "மருந்து கலக்கறப்போ அண்ணி அதைத்தான் எடுக்கும்னு தெரியும். நாலு வரிசை வாடினா சலிச்சுப்போய் நிலத்தை விட்டுடும்னு பார்த்தேன். இவ்வளவு ஆவும்னு நெனைக்கலை."

"ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார் கோவிந்தப்பன்.

சென்னம்மா முறுக்கிக் கிடந்த செடிகளைப் பார்த்தாள். "ஸ்டேஷன் வேணாங்க. சந்தை அன்னிக்கு பாய் கடை முன்னாடி நின்னு, இப்ப சொன்னதை இதே வாயால சொல்லட்டும். சொல்லலைன்னா எழுதிக் கொடுக்கறேன்."

சந்தை நாளில் மதுரைவீரன் வந்தான். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று சொன்னான். முதலில் குரல் எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றதும் மறுபடி ஒரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் பாரூர்ப் பாதையில் சைக்கிளை மிதித்துப் போனான்.

கூட்டம் கலையாமல் நின்றது. கடைக்குள் போகவும் கூச்சம், திரும்பிப் போகவும் மனமில்லை. சென்னம்மா அவர்களை விலக்கிக்கொண்டு படியேறினாள்.

"என்ன வேணும்மா?" என்று கேட்டார் குலாம் முகம்மது.

"கேவுரு விதை. அதுவும் புல் ஜாதிதானாம், மண்ணுல அந்த மருந்து மிச்சம் இருந்தாலும் தாங்குமாம், போலீஸ்காரர் சொன்னாரு. மழை வந்ததும் விதைக்கணும்."

அவர் விதையை அள்ளித் தராசில் போட்டார். முள் நேராக நின்றது. சென்னம்மா பையை விரிக்கவில்லை.

"தனியா வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கலாம் பாய். எல்லாரும் பார்க்கத்தான் வீசினேன். எல்லாரும் பார்க்க வாங்கிட்டுப் போறேன்."

குலாம் முகம்மது இன்னும் ஒரு பிடி விதையை அள்ளித் தட்டில் போட்டார். அவள் பையை விரித்தாள். அதன் பிறகு முனிசாமி படியேறினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.