கம்பியில்லாத மணி

1956 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. படாளத்தை அடுத்த ரயில்வே கேட்டில், காவலன் ஏசுபாதத்தின் அறைச் சுவரிலிருந்த மணி இருமுறை அடித்தது. அது அடித்திருக்க முடியாது.

தண்டவாள மேட்டுக்கு அப்பால், சரிவின் அடியில், ஆட்கள் கடப்பதற்கான சிறிய கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். அதன் கம்பத்தில் ஒரு பொத்தான். கடக்க வருவோர் அதை அமுக்கினால் அறையில் மணி அடிக்க வேண்டும். ஆனால் இரண்டையும் இணைக்கும் கம்பி வரவேயில்லை. பொத்தானைப் பொருத்தியவன், "ஒயரு அப்பால வரும் அண்ணாத்த. அதுவரிக்கும் உன் கண்ணுதான் ஒயரு" என்று சிரித்துவிட்டுப் போனான். ஜன்னலில் ஆளைக் கண்டதும் ஏசுபாதம் போய்த் திறப்பான்; பொத்தான் நன்றாக வேலை செய்கிறது என்று ஊரே நம்பியது. அவன் மனைவி மேரியும் நம்பினாள். ஏழு மாத வயிற்றோடு சோறு கொண்டுவரும்போது, பெருமையாக இருமுறை அமுக்குவாள்.

மணி மீண்டும் இருமுறை அடித்தது.

ஏரி உடைந்துவிட்டது, சிறிய கேட்டுக்கு வரும் சாலையில் வெள்ளம் ஏறுகிறது என்று, தண்டவாளத்தைச் சோதித்துப் போகும் டிராலிக்காரர்கள் சொல்லிப் போயிருந்தார்கள். மேரி அந்தச் சாலையில்தான் வரவேண்டும். மழையில் ஜன்னல் வெளுத்துக் கிடக்க, கூரை ஓட்டின் இரைச்சலுக்கும் மண்ணெண்ணெய் நாற்றத்துக்கும் நடுவே, ஏசுபாதம் முக்காலியில் ஏறி மணியின் பின்புறத்தைத் தடவினான். கம்பியில்லை. தூசி மட்டும்.

விரலடியில் அது அதிர்ந்தது.

லாந்தரோடு மேட்டுக்கு ஓடினான். கம்பத்தருகே யாருமில்லை. சேற்று நீர் கேட்டின் அடியைத் தொட்டிருந்தது.

திரும்பியபோது அறையில் மேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. பாலத்தின் வழியாகச் சுற்றி வந்துவிட்டதாகச் சொன்னாள். அவனுக்கு உயிர் வந்தது.

பிறகு அவள் சேலையைப் பார்த்தான். உலர்ந்திருந்தது. தரையில் ஈரக் காலடி இல்லை.

மணி அடித்தது.

ஜன்னலில் மழை சற்று விலகியது. மேட்டுக்கு அப்பால், கம்பத்தருகே, இடுப்பளவு நீரில், மேரி. ஒரு கை வயிற்றில். ஒரு விரல் பொத்தானில்.

"எம்மா நேரமா அமுக்கினுகீறேன். வந்து தொறய்யா."

அவள் குரல்தான்.

உள்ளே இருந்தவள் தலை நிமிரவில்லை. "தொறக்காதய்யா. அது நான் இல்ல."

அதுவும் அவள் குரல்தான்.

கம்பியில்லாத மணியை மேரியால் அடிக்க முடியாது; கேட்டைத் திறப்பதில்லை என்று ஏசுபாதம் முடிவு செய்தான். சாவியை ஆணியில் மாட்டினான், கதவைத் தாழிட்டான். உள்ளே இருந்தவள் சோறு பரிமாறினாள். மேட்டுக்கு அப்பால் வெள்ளம் பொத்தானுக்கு மேல் ஏறிய பின்னும் மணி நிற்கவில்லை.