வாசலில் கிடந்த செருப்பு

கதவுகள் பன்னிரண்டுதான். மூன்று வாரமாக ஓவியக் காலரியில் காவலிருந்து அந்த வீடியோவைப் பார்க்கும் சந்திரகலாவுக்கு அது மனப்பாடம். ஒரு கறுப்பினப் பெண் மெல்பேர்ன் வீடுகளின் கதவுகளைத் தட்டுவாள், திறக்கும்வரை நிற்பாள், ஆபத்தில் தன்னை உள்ளே விட்டவர்களின் பெயர்களைச் சொல்வாள். இன்று பதின்மூன்றாவதாக ஒரு கதவு வந்தது.

"பன்னிரண்டுதான் பிள்ளை, நான்தானே டிஸ்க் போட்டனான்" என்றார் புரொஜெக்டர் பார்க்கும் சிவமணி. "உமக்குக் களைப்பு. ஐந்து மணிக்கு மெஷினை நிப்பாட்டிவிடும். நான் போயிட்டு வாறன்."

அவர் போனபின் மழைச் சத்தமும், கம்பளத்தின் ஈர வாடையும், சூடேறிய மெஷினின் புழுதி மணமும் அந்த இருட்டறைக்குள் மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருக்க, அந்தக் கதவு மறுபடி திரையில் வந்தது. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். கீழே, வார் அறுந்து நீல நூலால் தைத்த செருப்பு.

அவளுடைய கதவு. அவளுடைய செருப்பு.

போன வருடம் அவளுக்கு அம்மை போட்டபோது, பக்கத்து ஃபிளாட் சூடான்காரி அச்சோல்தான் ஒரு வாரம் சூப் கொண்டுவந்தாள். வாசலில் இந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால் "அக்கா" என்று கூப்பிடுவாள். பிறகொரு மாலை, யாரோ துரத்த ஓடிவந்து இந்தக் கதவை அடித்தாள். சந்திரகலா டீவியை நிறுத்திவிட்டு மூச்சடக்கி நின்றாள். கறுப்பர்களின் சண்டை, நமக்கேன் சோலி என்று நினைத்தாள். சூப் குடித்த வாயால் அப்படி நினைத்தாளே! விடியும்போது அச்சோல் படிக்கட்டில் செத்துக் கிடந்தாள். நான் வீட்டில் இல்லை என்றாள் இவள். போலீஸ் நம்பியது.

செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே. அது அச்சோலுக்குத் தெரியும்.

திரையில் அந்தப் பெண் குனிந்தாள். செருப்பைச் சேர்த்து வைத்தாள். நிமிர்ந்து, கதவைத் தட்டிக்கொண்டே திரும்பினாள். வழக்கமான முகமில்லை.

அச்சோல்.

சந்திரகலா வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. தட்டல் நிற்கவில்லை.

பின்னாலிருந்து. காலரிக் கதவிலிருந்து.

"அக்கா."

வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று போலவே. நான்கு எட்டு வைத்தால் திறந்துவிடலாம். கால் எழவில்லை. வெட்கங்கெட்ட கால்.

"அக்கா."

கதவுக்கடியில் கீற்றாய் வெளிச்சம். அதில் நீல நூல் தைத்த செருப்பு. அச்சோலின் செத்த வீட்டன்றே இவள் குப்பையில் போட்டது.

அந்தச் செருப்புக்குள் இரண்டு கறுத்த பாதங்கள், நனைந்து, அசையாமல் நின்றன.