ஐம்பத்தொரு கிலோ

காலி விமானம் எந்த இடத்தில் தரையை விட்டு எழும்பும் என்பது பனுவேலுக்கு மனப்பாடம். கொரோக்கா ஓடுபாதையின் இடது ஓரத்தில் மூன்றாவது வெள்ளைக் கூம்பு. பதினோரு வருடமாக அதே கூம்புதான். இன்று காலை மூன்றாவது கூம்பு கடந்து போனது. நான்காவதும் கடந்து போனது. அதற்குப் பிறகுதான் சக்கரங்கள் மனமில்லாமல் தரையை விட்டன.

விமானத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. பின்னால் ஒரு மூட்டைகூட இல்லை.

இது இன்று நேற்று வந்த கோளாறு அல்ல, ஏறக்குறைய மூன்று வாரமாக நடக்கிறது. மெக்கானிக் உனாவா எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான், வாலுக்குள் சேறு தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"விமானத்துல ஒண்ணும் இல்லண்ணே. நீங்கதான் வெயிட்டு போட்டுட்டீங்க. மச்சான் வீட்டு விருந்துல பன்னிக்கறிய ஒரு கை பாத்திருப்பீங்க."

பனுவேலும் சிரித்து வைத்தான். பன்றிக்கறி என்ற சொல் காதில் விழுந்ததும் பேச்சை மாற்றினான். வேறு விமானம் கேட்டு வாங்கினான். இந்த ஆறு இருக்கை விமானம் அப்படி வாங்கியதுதான். இதுவும் கனக்கிறது.

மலைகள் எழுந்து வந்தன. காட்டின் மேல் காலைப் புகை நீலமாகப் படுத்திருந்தது. விமானம் காலியாகப் பறக்கும்போது பின்னிருக்கை பெல்ட்டுகளின் கொக்கிகள் இரும்புத் தண்டில் மோதி டக் டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் இல்லாமல் அவன் பறந்ததே கிடையாது. இன்று நான்கு கொக்கிகளில் மூன்றின் சத்தம்தான் கேட்டது. ஒரு சத்தம் குறைந்தால் தெரியவா போகிறது என்று நினைக்கலாம். தினமும் கேட்பவனுக்குத் தெரியும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவியாப்புக்குப் போகிறான். அங்கே போகக் கூடாது என்று பத்தொன்பது நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லி வேறு விமானிகளிடம் தள்ளிவிட்டிருந்தான். இன்று தள்ள ஆள் இல்லை. விடிந்ததும் ஒவியாப் விமானத் திடலைப் பார்த்துக்கொள்ளும் யக்காஸ் ரேடியோவில் கூப்பிட்டிருந்தான்.

"கேப்டன், தேயுன்னு ஒரு பொண்ணு. நேத்து ராத்திரி பிள்ளை பொறந்து செத்துப் போச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. பதினொரு மணிக்கு மேல கணவாய மேகம் மூடிடும், உங்களுக்குத் தெரியாததா? சீக்கிரம் வாங்க."

உங்களுக்குத் தெரியாததா என்று யக்காஸ் சாதாரணமாகத்தான் சொன்னான். பனுவேலுக்கு அது சுருக்கென்று தைத்தது.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் நடந்தது இது. அதே திடலில் நோமா என்றொரு பெண், வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் பிள்ளை வராமல், கணவன் தெமாக்கின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் பனுவேலின் மனைவியுடைய அண்ணன் அயோக் நின்றிருந்தான். அவன் காலடியில் தொண்ணூற்றாறு கிலோப் பன்றி ஒன்று கழியில் கட்டிக் கிடந்தது. அயோக்கின் குலத்துக்கும் இன்னொரு குலத்துக்கும் இருந்த பகையை முடிக்கக் கொடுக்கும் பன்றிகளில் அதுதான் பெரியது. மறுநாளுக்குள் அது கொரோக்கா போய்ச் சேராவிட்டால் மச்சானின் முகத்தில் கரி. பெண் எடுத்த வீட்டானைக் கைவிட்டவன் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

யக்காஸ் வழக்கம்போல எல்லோரையும் தராசுத் தட்டில் ஏற்றி, எடையை மை பேனாவால் அவரவர் புறங்கையில் எழுதினான். அந்த மலைகளில் அதுதான் பயணச்சீட்டு. கையில் எண் இருந்தால் இடம் உண்டு. காய்ந்த புல்லில் ஒவியாப்பிலிருந்து விமானியோடு சேர்த்து இருநூற்றறுபது கிலோ வரை தூக்கலாம். பன்றியும் அயோக்கும் பனுவேலும் ஏறினால் இருநூற்று நாற்பத்தெட்டு.

நோமா கையை நீட்டிக் காட்டினாள். "அம்பத்தொண்ணுதான் கேப்டன். பிள்ளையோட சேத்து."

"எடை கூடுதும்மா," என்றான் பனுவேல். "மத்தியானம் வர்றேன். உன் இடம் எங்கயும் போகாது."

மத்தியானம் கணவாய் மூடியிருக்கும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. திட்டியிருந்தால் தேவலாம்.

விமானம் வந்தால் விட்டுவிடக் கூடாது என்று தெமாக் அவளைத் திடலின் ஓரத்திலேயே பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் படுக்க வைத்திருந்தான். மறுநாள் விடியும் முன் அங்கேயே போய்விட்டாள். செய்தியை யக்காஸ் ரேடியோவில் சொல்லிவிட்டுக் கூடவே ஒன்று சொன்னான்.

"குளிப்பாட்டும்போது அந்தக் கைய மட்டும் கழுவ விடல அவ புருஷன். நம்பர் அழிஞ்சா எடம் போயிடும்னு சொல்லிட்டான்."

ஒவியாப் திடல் மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பச்சைத் துண்டு. மேல்நோக்கி இறங்க வேண்டும், கீழ்நோக்கிக் கிளம்ப வேண்டும், கீழ்முனையில் பள்ளத்தாக்கு வாயைப் பிளந்திருக்கும். பனுவேல் இறங்கியபோது விமானம் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தது. ஆறு ஆள் ஏற்றி வந்தால்தான் அப்படி உட்காரும். எஞ்சினை நிறுத்தினான். விசிறி ஓய்ந்த அமைதியில் ஈர விறகுப் புகையின் வாடை வந்தது. அதோடு நனைந்த பிளாஸ்டிக்கின் வாடையும். அது வெளியிலிருந்து வரவில்லை. கதவுகள் இன்னும் திறக்கவே இல்லையே.

எப்போதும் கூச்சலோடு ஓடி வரும் ஊர் இன்று வேலிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் விமானத்தைப் பார்த்தார்கள். விமானியைப் பார்க்கவில்லை. வேலி முனையில், முகமெல்லாம் துக்கத்தின் சாம்பல் களிமண் காய்ந்து வெடித்திருக்க, தெமாக் நின்றான். அவன் கோபமாக இல்லை. யாரையோ கூட்டிப்போக வந்தவன் போலக் கழுத்தை நீட்டி ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேயுவைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பதினெட்டு வயதிருக்கும். உதட்டில் நிறமே இல்லை. அறுபத்திரண்டு என்று அவள் கையில் எழுதியிருந்தது. அவள் அம்மா நாற்பத்து நான்கு.

ராத்திரி மழையில் புல் ஊறிக் கிடந்தது. ஈரப் புல்லில் சக்கரம் ஓடாது, பின்சீட்டைக்கூடக் கழற்றிவிட்டாலும் நூற்றெண்பதுக்கு மேல் ஏற்றினால் கீழ்முனைக்குப் போய்ச் சேருவதற்குள் எழும்ப முடியாது. அவன் எழுபத்து நான்கு, தேயு அறுபத்திரண்டு, அம்மா நாற்பத்து நான்கு. நூற்றெண்பது. கச்சிதமாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பான்.

"அம்மாவை ஏத்த முடியாது," என்றான்.

"கணக்கு சரியாத்தானே கேப்டன் இருக்கு?" என்றான் யக்காஸ்.

"ஏத்த முடியாதுன்னா முடியாது. தேவையில்லாத எல்லாத்தையும் எறக்கு. பின்னாடி ரெண்டு சீட்டையும் கழட்டு. கயிறு, பெட்டி, தண்ணி கேன், எல்லாம்."

அம்மாக்காரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு தனியாவா போவா? வழியில கண்ணத் தொறந்தா பக்கத்துல ஒரு முகம் வேணாமா? துணைக்கு ஒரு பொம்பளை இல்லாம எப்படிய்யா அனுப்புவேன்?"

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். இந்தப் பெண்ணையாவது உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று உள்ளே மன்றாடிக்கொண்டிருந்தான். யாரிடம் மன்றாடுகிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

தேயுவை நடுவரிசையில் ஜன்னலோரம் சாய்த்து, பக்கத்து இருக்கையில் கால்களை நீட்டி வைத்தார்கள். அந்த இருக்கையின் பெல்ட் பிரிந்து தொங்கியது. எல்லாம் போக நாற்பத்து நான்கு கிலோ மிச்சம் இருந்தது. அது போதுமா? உனாவா சொன்ன கேலி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. விமானத்தை மாற்றியும் கனம் போகவில்லை. இரண்டு விமானத்துக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்.

"யக்காஸ், என்னை எடை போடு."

"பைலட்டை யாரு எடை போடுவாங்க கேப்டன்?" யக்காஸ் சிரிக்கப் பார்த்தான். "கடவுளை எடை போட்ட மாதிரி ஆயிடும்."

"போடு."

தராசு பழையது. காலடியில் இரும்புத் தட்டு, மார்பு உயரத்தில் வட்ட முகம், அதில் ஒரு சிவப்பு முள். பனுவேல் தட்டில் ஏறினான். முள் எழுந்தது. எழுபதில் தயங்கவில்லை. நூறில் தயங்கவில்லை.

நூற்று இருபத்தைந்து.

யக்காஸ் கண்ணாடியைத் தட்டினான். அவனை இறங்கச் சொல்லித் தான் ஏறினான். அறுபத்தெட்டு. எப்போதும் உள்ளதுதான். தராசில் கோளாறு இல்லை. வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மேலே கணவாயின் இடது தோளில் முதல் மேகம் வந்து உட்கார்ந்தது.

"மறுபடி," என்றான் பனுவேல்.

ஏறினான்.

நூற்று இருபத்தைந்து.

முள் லேசாக ஆடியது. ஒரு சீராக ஆடியது. மேலே, கீழே. மேலே, கீழே. அவன் மூச்சைப் பிடித்தான். முள் ஆடுவது நிற்கவில்லை.

பிடரியில் ஈரமான சூடு. புகை வாடை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நோமா," என்றான், உதடு அசையாமல். "நான் பொய் சொல்லிட்டேன். பன்னிய எறக்கியிருந்தா எடை கூடியிருக்காது. அதுக்காகத்தான் உன்ன விட்டுட்டுப் போனேன். நீ எறங்கிடும்மா. இந்தப் பொண்ணு செத்துடுவா. எறங்கிடு."

தட்டை விட்டுக் கீழே இறங்கினான். முள் சரிந்தது. நூறு. எழுபது. அறுபது.

நின்றது.

ஐம்பத்தொன்று.

தட்டில் யாரும் இல்லை. சிவப்பு முள் ஐம்பத்தொன்றில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

யக்காஸின் கை பழக்கத்தில் மை பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது. தட்டைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். மெதுவாக மூடியைத் திரும்பப் போட்டான்.

"இதுக்கு எழுத வேண்டியதில்ல," என்றான் தணிந்த குரலில். "ஏற்கனவே எழுதியாச்சு."

வேலி முனையில் தெமாக் கையைத் தூக்கினான். வழியனுப்பும் கை.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

பனுவேலின் தோள்கள் லேசாகின. மூன்று வாரமாக வலித்த முதுகு விட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் சந்தோஷப்பட்டான்.

பத்தடி தள்ளி நின்ற விமானம் இடது பக்கம் சாய்ந்தது. படியில் ஆள் கால் வைத்தால் சாயுமே, அப்படி. பிறகு நிமிர்ந்தது. சக்கரங்கள் ஈரப் புல்லில் விரற்கடை அளவு அமிழ்ந்தன.

"கேப்டன், மேகம்," என்றான் யக்காஸ்.

அவனும் தேயுவும் நூற்று முப்பத்தாறு, அதோடு ஐம்பத்தொன்று, நூற்று எண்பத்தேழு. ஏழு கிலோ அதிகம். இறக்குவதற்கு இனி எதுவும் இல்லை, தேயுவைத் தவிர.

அவன் நடந்தான். கால்கள் தாமாக நடந்தன. யக்காஸ் பின்னாலேயே வந்து, வழக்கம்போல, வெளியிலிருந்து கதவை மூடித் தாழ் போட்டான். பனுவேல் தன் இருக்கையில் உட்கார்ந்து விசையின் மேல் விரலை வைத்தான். எதிரே கீழ்முனை. அதற்கப்பால் வெள்ளையாகப் பொங்கி வரும் பள்ளம்.

பின்னால் போர்வை சரசரத்தது. தேயுவின் குரல், தூக்கத்தில் பேசுவது போல, பலவீனமாக.

"உக்காருங்கக்கா. கால எடுத்துக்கிறேன்."

திரும்பக் கூடாது என்றுதான் நினைத்தான்.

திரும்பினான்.

தேயு கண்ணை மூடியபடி கால்களை மடக்கி ஜன்னலோடு ஒடுங்கியிருந்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் பிரிந்து கிடந்த பெல்ட் இப்போது மாட்டியிருந்தது. பட்டை இருக்கையில் தட்டையாகக் கிடக்கவில்லை. கடைசிவரை தளர்த்திவிட்டு, இருக்கையை விட்டு ஒரு முழம் முன்னால், பெரிய வயிற்றைச் சுற்றிக் கட்டியது போல உருண்டையாக நின்றது. அந்த உருண்டைக்கு நடுவில், பட்டையை உள்ளேயிருந்து ஒரு சின்னப் பாதம் எத்தியது.