எழுப்பாத நாற்காலி

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இருக்கை இளவழுதியை எழுப்பிவிட்டது. "எழுந்திருங்கள்" என்று கனிவாக ஒரு குரல். பின்னாலேயே முதுகில் ஒரு தள்ளு. தட்டும் கையுமாக நின்றான். நிலாக் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் இதே கூத்துதான். ஈர்ப்பு குறைந்த இடத்தில் உட்கார்ந்தே கிடந்தால் எலும்பு உளுத்துப்போகும் என்று நலவாரியம் ஊரெங்கும் எழுப்பிருக்கைகளைப் பொருத்தியிருந்தது. தரையில் உட்கார்ந்தால் தரையும் தள்ளும்.

"நானா எழுந்திருக்கற வரைக்கும், ஒரே ஒரு தடவை நிம்மதியா உட்காரணும் செவ்வந்தி" என்று அவன் மனைவியிடம் புலம்பாத நாளில்லை. மனுஷனுக்கு அந்த ஒரு ஆசைதான்.

சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் காசாக்கி, பூமியிலிருந்து ஒரு பழைய நாற்காலியை வரவழைத்தான். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த பின்நவீனத்துவ மெத்தை நாற்காலி. ஒரு கை உருண்டை, மறு கை படிக்கட்டு, முதுகு முக்கோணம். மெத்தையில் ரோஜா நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள். பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தாலும் உள்ளே ஓர் உணரி கிடையாது, மோட்டார் கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

"உறையைப் பிரிங்க. இதுக்குத்தானே தவம் கிடந்தீங்க" என்றாள் செவ்வந்தி.

கத்திரியை எடுத்தான். கண்ணாடி போன்ற உறைக்குள் மெத்தை புத்தம்புதிதாக மின்னியது. நிலாத்தூசி ஒட்டினால் லேசில் போகாது.

"கை கழுவிட்டு வரேன்." கழுவிவிட்டு வந்தவன், "நல்ல நாள் பார்த்து உட்காரலாம்" என்றான். நல்ல நாளும் வந்தது. அன்றைக்குப் போட்டிருந்த சட்டைச் சாயம் ஒட்டிவிடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தூர நின்று பார்க்கச் சொன்னான். வேலைக்குப் போனாலும் மனசு நாற்காலியையே சுற்றியது. யாராவது உட்கார்ந்துவிட்டால்?

உட்கார்ந்தேவிட்டார் மாமனார் தங்கப்பழம். பக்கத்து நிலாப்பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து மூட்டுவலியோடு வந்தவர், உறை சரசரக்க அதில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"அப்பாடா. இது தள்ளவே இல்லையே மாப்ள."

இளவழுதி உள்ளே போனான், வந்தான். பெரியவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கடைசியில் தாங்க முடியாமல் அருகே போனான்.

"எழுந்திருங்க மாமா" என்றான் கனிவாக.

அவர் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து மெல்லத் தள்ளினான்.

செவ்வந்தி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கப்பா. நம்ம எழுப்பிருக்கையாவது கொஞ்ச நேரம் உட்கார விடும்."