தளபதி பாயர் சாக மறுக்கிறார்

காலை ஏழு மணிக்கு மேக்கப் அறையில் முதல் பூச்சு முகத்துக்கு அல்ல, மூளைக்கு. பாத்திர ஏற்றம் என்று அதற்குப் பெயர். நெற்றியில் பட்டையைக் கட்டினால் பத்தே நிமிடத்தில் நடிகருக்குள் பாத்திரத்தின் மனம் ஏறிவிடும், மாலையில் இறக்கிவிடுவார்கள். வெறும் நடிப்பை இப்போது யார் பார்க்கிறார்கள்? தொடர் முடியும் நாளில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. பாத்திரத்தை வேரோடு பிடுங்க வேண்டுமானால் அது கதைக்குள் சாக வேண்டும், தான் செத்ததைத் தானே நம்பவும் வேண்டும்.

அமுதவல்லி எழுதிய மங்கோலியச் சரித்திரத் தொடருக்கு அன்று கடைசி நாள். வில்லன் தளபதி பாயராக நடித்தவன் அவள் கணவன் திருமாறன். ஆறு மணிக்குப் பாத்திரத்தை இறக்கும் நேரம்; அதற்குள் பாயர் சாகாவிட்டால் திருமாறன் திரும்பி வரமாட்டான். அப்போது மணி ஐந்தேகால்.

"நீ முதலில் குடி" என்று, கதைப்படி விஷம் கலந்த பால் கோப்பையை நீட்டிய துணை நடிகரிடம் உறுமினான் பாயர். கோப்பை மூன்றாவது முறையாகத் தரையில் உருண்டது.

இயக்குநர் ஜெரால்டுக்கு வேர்த்துக் கொட்டியது. "என்ன மேடம் இது? அம்பு விட்டா விலகுறாரு. உடையப்போற பாலத்துல ஏறச் சொன்னா ஏறவே மாட்டேங்குறாரு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க!"

அமுதவல்லியே செட்டில் பாயரின் கூடாரத்துக்குள் போனாள். "ஏன் குடிக்க மறுக்கிறீர்கள், தளபதி?"

"பகைவன் தரும் பாலை எந்த முட்டாள் குடிப்பான்? தீயில் தப்பினேன். மலையிலிருந்து விழுந்தும் தப்பினேன். எனக்குச் சாவு கிடையாது, பெண்ணே."

தப்பவைத்தது யார்? சாட்சாத் இவளேதான்! ரேட்டிங் ஏறுகிறதென்று நம்பமுடியாத வழியெல்லாம் கண்டுபிடித்து அவனைப் பிழைக்க வைத்தாள். வில்லன்தானே என்ற அலட்சியத்தில், நானூறு எபிசோடில் அவன் நம்புவதற்கென்று ஒரு ஆளைக்கூட எழுதவில்லை. துரோகம் செய்வதற்காவது ஒரு ஆள் வேண்டாமா?

ஐந்தே முக்காலுக்குப் பணிப்பெண் உடையில் அவளே கோப்பையோடு வந்தாள். எழுதிவைத்த வசனத்தைச் சொல்லவில்லை.

"காலைலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல. குடி."

வீட்டில் தினமும் சொல்வதுதான். பாயரின் கண்கள் தடுமாறின. அவளைக் குடித்துக் காட்டச் சொல்லாமல் கோப்பையை வாங்கினான். கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அது வெறும் பால்தான். ஆனால் அவன் நம்ப வேண்டுமே! "அதுல விஷம் இருக்கு" என்றாள்.

"நீயா?" என்றான். அப்படியே சரிந்தான். பாத்திரம் பிடுங்கப்பட்டதைக் காட்டும் பச்சை விளக்கு திரையில் எரிந்ததும் செட்டே கைதட்டியது. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை திருமாறன் பழையபடி லுங்கியோடு சமையலறைக்கு வந்தான். அவளைக் கிண்டல் செய்தான், சிரித்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. காபியை ஆற்றிக் கொடுத்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவன் நின்றான். மெதுவாக அதை அவள் பக்கமே நீட்டினான்.

"நீ முதல்ல ஒரு வாய் குடி, அமுதா."

அவள் குடித்தாள். அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.