ஸ்டார்ட் ஆகாத சாட்சி

பல் ஆஸ்பத்திரியிலிருந்து அலறல் கேட்டால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கேட்ட அலறலையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அலறியது நோயாளி அல்ல... நர்ஸ்!

நோயாளிகள் சாயும் நாற்காலியில் பெரிய டாக்டர் சாய்ந்து கிடந்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலும் அவர் கண்கள் கூசவில்லை. கழுத்தில், ஊசி இறங்கிய இடத்தில், ஒரு துளி ரத்தம் உறைந்திருந்தது.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது நாற்பதுக்குள். தோளில் கருவிப் பை.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வயது ஐம்பது. கோபம் மட்டும் இன்னும் இருபத்தைந்திலேயே நின்றிருந்தது.

"யாரும்மா நீ?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவ சார். அடுத்த தெருவுல கடை."

"பொணத்துல உனக்கு என்ன ரிப்பேர்?"

"எட்டு இருபதுக்கு டாக்டர் போன் பண்ணி வரச் சொன்னாரு. ஒன்பது மணிக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. இப்படிக் கிடந்தாரு. உயிர் இருக்கான்னு நாடி பார்த்துக்கிட்டு இருந்தேன்... சிஸ்டர் உள்ள வந்துட்டாங்க."

"எதுக்கு வரச் சொன்னார்?"

கம்ப்யூட்டர்காரி மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நேத்து சாயங்காலம் இங்க ஒரு வைரஸை எடுத்தேன் சார். அது தானா வந்தது இல்ல. யாரோ இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கையால போட்டது. பேஷன்ட் விவரம் முழுக்க ரகசியமா காப்பி எடுத்து வெளிய அனுப்பிக்கிட்டே இருந்தது. 'உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் வேலைதான் டாக்டர்'னு சொன்னேன். காலையில போன் பண்ணி, 'யாருன்னு தெரிஞ்சிடுச்சு, வா'ன்னாரு."

"யாராம்?"

"போன்ல சொல்லல."

"சொல்லியிருக்க மாட்டார். செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார்ங்கற தைரியம் உனக்கு."

சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்த நர்ஸ் வாயைத் திறந்தாள்.

"சார்... நேத்து டாக்டர் இவங்களைத் திட்டினாரு. 'என் குடும்பத்தையே சந்தேகப்படறியா, வெளிய போ'ன்னு கத்தினாரு. ஹால்ல இருந்த பேஷன்ட் அத்தனை பேரும் கேட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. கம்ப்யூட்டர்காரியின் முகம் வெளுத்தது.

வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மாடி வீட்டிலிருந்து தலை கூட வாராமல் ஓடி வந்த பெரிய டாக்டரின் மனைவி, டாக்டரம்மா. அவளைத் தாங்கிப் பிடித்திருந்த சின்ன டாக்டர். செத்தவரின் ஒரே தம்பி. அவரும் பல் டாக்டர்தான். பக்கத்து அறை அவருடையது. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கூரை மூலையைப் பார்த்தார்.

"கேமரா இருக்கே... பதிவு எங்க?"

"இந்தக் கம்ப்யூட்டர்லதான் சார் சேரும்" என்றாள் நர்ஸ்.

மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைத் தட்டினார் இன்ஸ்பெக்டர். விசிறி சுற்றியது. ஒரு பீப் சத்தம். பிறகு கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கு?"

"ஸ்டார்ட் ஆகத் தேவையான ஃபைல் கிடைக்கலன்னு சொல்லுது சார்" என்றாள் கம்ப்யூட்டர்காரி.

"நேத்து நீ வைரஸ் எடுத்த லட்சணமா இது?"

"இல்ல சார். வைரஸ் எடுத்தா மூணு தடவை அணைச்சு, மூணு தடவை போட்டுப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். நேத்தும் பார்த்தேன். ஜம்முனு வந்தது."

"அப்போ காலையில யாரோ வேணும்னே கெடுத்திருக்காங்க. கேமராவுக்குப் பயந்து." இன்ஸ்பெக்டர் மற்ற மூவரிடம் திரும்பினார். "இங்க கம்ப்யூட்டர் வேலை யாருக்குத் தெரியும்?"

"எனக்குப் போன்ல பேச மட்டும்தான் தெரியும்" என்றாள் டாக்டரம்மா.

"நான் எல்லாம் நோட்டுலதான் எழுதுவேன் சார். டாக்டரே பார்த்து ஏத்திக்குவாரு" என்றாள் நர்ஸ்.

"பேஷன்டோட ஒரு எக்ஸ்ரேவைத் திறக்கணும்னாக்கூட அண்ணனைத்தான் கூப்பிடுவேன்" என்ற சின்ன டாக்டரின் குரல் உடைந்தது.

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர்காரியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஆக, தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான். கிளம்பு."

அவள் தன் கடையை நினைத்தாள். எட்டு வருடமாகக் கட்டிக் காத்த கடை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நிற்பாள். யாராவது அவளிடம் விஷயத்தைச் சொல்லுவார்கள். கண் காது மூக்கு வைத்துத்தான் சொல்லுவார்கள்.

"அரை மணி நேரம் குடுங்க சார். இதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறேன். பதிவு கிடைச்சா நான் எப்ப வந்தேன்னு தெரிஞ்சிடும்."

"கிடைக்கலன்னா?"

"நீங்க கூப்பிடற இடத்துக்கு வர்றேன்."

இன்ஸ்பெக்டரோடு வந்து கைரேகை எடுத்தவர், கீபோர்டில் எதுவும் இல்லை, துடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை மணி. ஒரு நிமிஷம் கூடாது. நீ கை வைக்கற ஒவ்வொரு இடத்தையும் நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

கம்ப்யூட்டர்காரி பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினாள். ஒயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

"வைரஸ் எடுத்தா கம்ப்யூட்டர் செத்துப் போகுமா?"

"சில சமயம் சார். ஸ்டார்ட் ஆகத் தேவையான ஃபைலுக்குள்ளயே வைரஸ் போய் உக்காந்திருக்கும். அவசரப்பட்டு அழிச்சா ரெண்டும் சேர்ந்து போயிடும். அந்த ஒரு ஃபைலைத் திருப்பி வெச்சா எழுந்துடும்."

"சரி, வை."

மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். ஒரு பொத்தானை விடாமல் தட்டினாள். நீலமாக ஒரு பட்டியல் விரிந்தது.

"ஹார்ட் டிஸ்க் பேரைக் காட்டுது. டிஸ்க் சாகல."

யாரோ ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்தார்கள். சின்ன டாக்டர்.

"குடிங்க" என்றார் மெதுவாக. "சார், இவங்களைப் பார்த்தா கொலை பண்றவங்க மாதிரி தெரியல. கொஞ்சம் பொறுமையா..."

"இவளுக்குப் போய் தண்ணி குடுக்கறீங்களா?" டாக்டரம்மா சீறினாள். "நேத்து இவ வந்து பத்த வெச்சுட்டுப் போனா. ராத்திரி முழுக்க மனுஷன் தூங்கல. 'வீட்டுக்குள்ளயே திருடனா'ன்னு அதையே சொல்லிச் சொல்லி..."

கம்ப்யூட்டர்காரி தண்ணீரைத் தொடவில்லை. டாக்டரம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நேற்று வைரஸை மட்டும் எடுத்துவிட்டு, பேசாமல் போயிருக்கலாம். அவர் இந்நேரம் யாருக்காவது பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பெட்டியின் பின்னால் செருகினாள். ஸ்விட்ச். பீப். கறுப்பு. வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. அவள் எதையோ தட்டினாள். எதையோ படித்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்." நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். "வந்துடும்."

இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்...

திரை பளிச்சென்று நீலமானது. ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக முளைத்தன.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு சார்."

நர்ஸ் "கடவுளே" என்று சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"பதிவு?"

"இருக்கு. எட்டரையிலிருந்து ஒன்பது மணி வரைக்கும். டாக்டர் சீட்டுல சாஞ்சிருக்காரு. ஆள் உள்ள வர்றது தெளிவா இருக்கு. ஓட்டட்டுமா?"

கேட்கும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு, எதிரே இருந்த மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு" என்றாள் டாக்டரம்மா. "எந்தப் பாவின்னு நான் பார்க்கணும்."

"எனக்குப் பார்க்கற தெம்பு இல்ல" என்று நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார்."

சின்ன டாக்டர் முன்னால் வந்தார். குரலில் வருத்தம்தான் இருந்தது.

"பாவம்னு பார்த்தேன். ஆனா இவங்க உங்களை ஏமாத்தறாங்க. இது எங்க கம்ப்யூட்டர் எழுந்து வந்த ஸ்கிரீன் இல்ல. பின்னால செருகியிருக்காங்களே பென் டிரைவ், அதுலேர்ந்து ஏத்தினது. ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணுமே கிடையாது. மொத்தமும் காலி. இவங்களே கொண்டு வந்த ஏதோ ஒரு வீடியோவைப் போட்டு, எங்கள்ல யார் தலையிலயாவது கட்டப் போறாங்க."

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது.

"உண்மையா?"

கம்ப்யூட்டர்காரி தலையைக் குனிந்தாள்.

"உண்மை சார். இது என் பென் டிரைவ். டிஸ்க் காலி. பதிவுன்னு எதுவும் இல்ல. நான் சொன்னது பச்சைப் பொய்."

"எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு." இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"விலங்கு சரிதான் சார்" என்றாள் அவள். "கைதான் வேற."

"என்ன உளர்றே?"

"வைரஸ் எடுத்ததால கெட்டிருந்தா ஒண்ணு ரெண்டு ஃபைல்தான் போயிருக்கும். இதுல தடயமே இல்லாம வழிச்சு எடுத்திருக்கு. அது வைரஸ் வேலை இல்ல, தெரிஞ்ச கை. தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான்னு நீங்க சொன்னீங்க. இன்னொரு ஆள் இருக்கணும், ஆனா எப்படிக் கண்டுபிடிக்கறது? அதான் பொய் சொன்னேன்."

அவள் மற்ற மூவரையும் கையால் காட்டினாள்.

"பக்கத்துலயே நின்ன நீங்க நம்பிட்டீங்க சார். அம்மா நம்பினாங்க. சிஸ்டர் நம்பினாங்க. கம்ப்யூட்டர் தெரியாத யாரும் நம்புவாங்க. எக்ஸ்ரே கூடத் திறக்கத் தெரியாதவருக்கு மட்டும் பென் டிரைவ்ல ஏத்தினதுன்னு எப்படித் தெரிஞ்சது?"

சின்ன டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

"அது போகட்டும். பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொல்லலாம். ஆனா டிஸ்க் காலின்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே. பார்த்ததும் பயந்துபோய் வாயை மூடிக்கிட்டேன். காலி பண்ணின ஆளைத் தவிர வேற யாருக்கு அது தெரியும் சார்?"

சின்ன டாக்டர் வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் நின்றார்.

சின்ன டாக்டரின் கோட்டுப் பையைத் துழாவிய இன்ஸ்பெக்டரின் விரல்களில் ஒரு பென் டிரைவ் வந்தது. கம்ப்யூட்டர்காரி அதைத் தன் லேப்டாப்பில் போட்டாள். டிஸ்க்கை வழித்தெடுக்கும் புரோகிராம் ஒன்று. அதற்குக் கீழே ஆஸ்பத்திரியின் ஆறாயிரம் நோயாளிகள்... பெயர், போன் நம்பர், எந்தப் பல் என்பது வரை!

"தனியா ஆஸ்பத்திரி வைக்கலாம்னு..." சின்ன டாக்டர் சுவரில் சரிந்தார். "காலையில பல்லு வலிக்குது, பாருன்னு அண்ணன் சீட்டுல சாஞ்சாரு. மரத்துப்போற ஊசியை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போனேன். அப்பதான் சொன்னாரு. 'நீதான்னு தெரியும்டா. உன் டாக்டர் பட்டத்தைப் பிடுங்காம விட மாட்டேன்'னாரு. கையில ஊசி இருந்தது..."

டாக்டரம்மா அவரை அடிக்கவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

"உன் கையில ஊசி இருக்கறப்ப பேசியிருக்காரு பாரு. அவ்வளவு நம்பிக்கை உன் மேல" என்றாள். பிறகுதான் அழுகை வெடித்தது.

கம்ப்யூட்டர்காரி கருவிகளைப் பைக்குள் போட்டாள். தப்பித்ததில் வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியே வந்தாள்.

ஜீப்புக்குள் சின்ன டாக்டரை ஏற்றிவிட்டு, இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. அவன் ஒரு வார்த்தை பேசாம சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருப்பான். உன்னைத்தான் உள்ள தள்ளியிருப்பேன்."

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊரையே வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்லிப் பழகினவன்... தன் வாயை எப்ப மூடணும்னு கத்துக்கல!"