எச்சில் தடம்

கட்டடத்தின் வாசற்கதவு தர்மினிக்குத் திறக்கவில்லை. "மூன்றாம் மாடி, இடப்பக்கம். வசிப்பவர்: ஒருவர்" என்றது திரை. கணவன் ரூபன் இறங்கி வந்துதான் அவளை உள்ளே விட்டான்.

அந்தக் கணக்கு முற்றத்துக் குப்பைத்தொட்டிகளிலிருந்து வருவது. காகிதத்துக்கு நீலம், பொதியுறைகளுக்கு மஞ்சள், உணவுக்குப் பழுப்பு, எஞ்சியதற்குக் கறுப்பு; ஜேர்மனியில் இது பழைய வழக்கம். மூடிக்குள் இருக்கும் தடமானிதான் புதிது. கடித்த பழத்திலும் நக்கிய கரண்டியிலும் நம் எச்சில் கொஞ்சம் உயிர்க்கலங்களை விட்டுச்செல்கிறது. தடமானி அவற்றைப் படித்து, பிழையான தொட்டியில் போட்டவர் யாரென்று சொல்லும். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதும் அதிலேயே தெரியுமே என்று பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள். பதிவேட்டில் பொய் எழுதலாம், குப்பையில் முடியாது. இந்த மாதத்திலிருந்து வாசற்கதவு திறப்பதும், வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் தொட்டியைக் கேட்டுத்தான். தர்மினியின் அனுமதி முடிய ஒன்பது நாள் இருந்தது.

"ரெண்டு வருஷமா இஞ்சதானே இருக்கிறன்! நான் என்ன பேயே?"

ரூபன் சமையலறையைப் பார்த்தான். யோகட் கப்புகள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன.

"இஞ்சேரும், இதுகளைக் கழுவிப்போட்டே எறியிறனீர்?"

"பின்ன? எச்சிலோட போட்டா கீழ்வீட்டு மனுசி என்ன நினைப்பா?"

"மிஞ்சின சாப்பாடு?"

"நான் எப்ப சாப்பாடு எறிஞ்சனான்? நீங்கள்தான் அப்பிளை அரைவாசி கடிச்சுப்போட்டு எறியிறனீங்கள்."

"அதாலதான் நான் இருக்கிறன்" என்றான் ரூபன். இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

அன்றே அவள் ஒரு முழு ஆப்பிளை ஒரு கடி கடித்துப் பழுப்புத் தொட்டியில் போட்டாள். கை கூசியது. மறுநாள் ஒரு பாண் ரொட்டி. அதற்கு மறுநாள், ஒரு வாய் மட்டும் உண்ட தட்டு நிறையச் சோறு. ஐந்தாம் நாள் கதவு திறந்தது: "வசிப்பவர்: இருவர்."

ஆனால் கலங்கள் அழுகிப்போகும். இரண்டு நாள் புதுத் தடம் இல்லாவிட்டால் கணக்கு மீண்டும் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆகவே எட்டாம் நாளும் போனாள்.

தொட்டி மூடவே முடியாமல் நிரம்பியிருந்தது. மூடியை உயர்த்தினாள். முழுப் பாண்கள், பேரிக்காய்கள், பாலாடைக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி.

பின்னால் காலடி கேட்டது. கீழ்வீட்டு மனுசி, கையில் ஒரே ஒரு கடி கடித்த புதிய பாணுடன். அவளுக்குப் பின்னால் மற்ற மாடிக்காரர்கள், ஒரு கை தூர இடைவெளி விட்டு, ஒழுங்கான வரிசையில்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை. யாரும் எதையும் மெல்லவும் இல்லை.